தீரர் சத்தியமூர்த்தி

விடுதலை வீரர் என்றதும் தடியடியும் சிறைவாசமுமே நம் நினைவில் எழுகின்றன. இன்று நான் கூறப் புகும் சத்தியமூர்த்தியோ நாவையே படைக்கலமாகக் கொண்டவர். அதனையும் ஆங்கிலேயர் அமைத்த சட்டசபையினுள்ளேயே நின்று வீசியவர். பேச்சினால் அரசு வருமா என்று அக்காலத்தில் அவரை எள்ளியோர் பலர். அவ்வினா இன்றும் நம் சிந்தனைக்குரியது.

புதுக்கோட்டைச் சமஸ்தானத்துத் திருமயத்தில் 1887ஆம் ஆண்டு பிறந்த அவர், சென்னையிற் சட்டம் பயின்று வழக்கறிஞரானார். 1919இல், மொண்டேகு செம்ஸ்போர்ட் சீர்திருத்தம் பற்றிச் சாட்சியம் கூறுதற்குக் காங்கிரஸ் இலண்டனுக்கு அனுப்பிய தூதுக்குழுவில் அவரும் இடம்பெற்றார். அடுத்த ஆண்டு காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் எழுந்தது. சட்டசபைகளைப் பகிஷ்கரிக்க வேண்டும் என்பது அதன் கட்டளைகளுள் ஒன்று. சத்தியமூர்த்தியின் மனம் இதற்கு ஒருப்படவில்லை. கோட்டையைப் புறத்தே நின்று முற்றுகையிடுவோர் இருக்க, உள்ளே புகுந்து பொருவோரும் வேண்டுமன்றோ? சுயராச்சியக் கட்சியினராய் 1923இல் சென்னைச் சட்டசபையினுள் நுழைந்தார்.

1928இல் பாரதியார் பாடல் நூல்களைச் சென்னை அரசு பறிமுதல் செய்தது. பாரதியார் மறைந்து ஏழாண்டுகள் கடந்திருந்தன; எனினும் அவர் பாட்டுக்கு அரசு அஞ்சியது. சபையில் எழுந்த விவாதத்தில் சத்தியமூர்த்தி முழங்கினார். அரசைக் கண்டிக்கும் பிரேரணை நிறைவேறியது. பின்னர் தடையும் நீங்கியது. பேச்சினால் விளைந்த பயனுக்கு இது ஒன்றே சாலும்.

ஆயினும் அந்நா எப்போதும் நன்னெறியே நின்றது என்று கூறுதற்கில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தேவதாசி முறையை ஒழிக்க அதே சபையில் முனைந்தபோது, சத்தியமூர்த்தி எதிர்த்து வாதாடினார். நாடக மேடையேறி நடித்தவர். இசைக்கும் நடனத்துக்கும் காவலராய் விளங்கியவர். கலையின்மீது கொண்ட பற்று, அக்கலையைப் பேணிய பெண்கள் பட்ட துயரை அவர் கண்ணுக்கு மறைத்தது போலும்.

1934இல் சென்னை நகரத் தொகுதியில் சேர் ஏ. இராமசாமி முதலியாரை வென்று டில்லி மத்திய சட்டசபைக்குச் சென்றார். அங்கே அரசு பல வாக்கெடுப்புக்களில் தோற்றது. ஆனால் வைசிராய் தமது விசேட அதிகாரத்தால் சபையின் முடிவைப் புறக்கணிக்க வல்லவராயிருந்தார். நாவின் வலிமைக்கு எல்லை எதுவென்பதை அவர் அங்கேதான் உணர்ந்திருப்பார்.

1937இல் சென்னை மாகாணத்திற் காங்கிரஸ் வெற்றிபெற்றது. பல்கலைக்கழகத் தொகுதியை இராஜாஜிக்கு விட்டுக்கொடுத்த சத்தியமூர்த்திக்கு இராஜாஜியின் மந்திரிசபையில் இடம் கிட்டவில்லை. பதவிக்குரியவர் என்று பலரும் எண்ணியவர் அவர். கட்சியை விட்டு அவர் அகலவில்லை. 1936இல் அவர் மாகாணக் காங்கிரஸ் தலைவராயிருந்தபோது காமராசர் செயலாளர். 1940இல் காமராசர் தலைவராக, அவர் செயலாளரானார். தம் சீடரின்கீழ்ப் பணிபுரிய இசைந்த அரசியல்வாதிகளை நான் அதிகம் அறியேன்.

1939இல் சென்னை மேயரானார். நகரின் நீர்ப்பஞ்சம் தீரக் கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே பூண்டியில் அணை கட்டுதற்கு ஓயாது உழைத்தார். 1940இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1942 ஆகஸ்ட் கிளர்ச்சியிற் கைதாகி, மத்திய மாகாணத்து அமராவதிச் சிறைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். பேச்சாளர் என்று எள்ளப்பட்டவரின் உடல் சிறையிலே சிதைந்தது. 1943 மார்ச் 28இல் சென்னைப் பொது மருத்துவமனையில் உயிர்நீத்தார். அகவை ஐம்பத்தைந்து.

பூண்டி நீர்த்தேக்கம் 1944இல் நிறைவெய்தியது. அதற்குச் சத்தியமூர்த்தி சாகர் என்று பெயரிட்டனர்.