எழுந்திருங்க, நான் உட்காரணும்!

சமூகவியல் வகுப்புகளில் ஒரு பழைய வீட்டுப்பாடம் உண்டு. பொது இடத்தில், எங்கும் எழுதி வைக்காத ஒரு விதியை வேண்டுமென்றே மீற வேண்டும். லிஃப்டில் கதவைப் பார்க்காமல் உள்ளே இருப்பவர்களின் முகத்தைப் பார்த்து நிற்பது, விலை அச்சடித்த பொருளுக்குப் பேரம் பேசுவது... இப்படி ஏதாவது. பிறகு, சுற்றி இருந்தவர்கள் என்ன செய்தார்கள், மீறியவருக்கு எப்படி இருந்தது என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

இதைத் தொடங்கி வைத்தவர் ஹெரால்ட் கார்ஃபிங்கல் என்ற அமெரிக்கப் பேராசிரியர். சொந்த வீட்டிலேயே 15 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை வாடகைக்குத் தங்க வந்தவர் போல நடந்து கொள்ளுங்கள் என்று மாணவர்களை அனுப்பினார். தண்ணீர் எடுக்கக்கூட அனுமதி கேட்ட பிள்ளைகளைப் பார்த்து வீட்டார் குழம்பினார்கள், கோபப்பட்டார்கள். இந்தச் சோதனைகளை 1967ல் வெளியான தன் புத்தகத்தில் விவரித்தார் அவர்.

இதைவிடப் பிரபலமானது ஸ்டான்லி மில்கிராம் நியூயார்க் சுரங்க ரயிலில் நடத்திய சோதனை. இப்போதெல்லாம் இளைஞர்கள் ஏன் எழுந்து இடம் தருவதில்லை என்று அவருடைய மாமியார் கேட்டாராம். அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது யோசனை. 1970களின் தொடக்கத்தில் தன் மாணவர்களை ரயிலுக்கு அனுப்பினார். உட்கார்ந்திருப்பவரிடம் போய், காரணம் எதுவும் சொல்லாமல், உங்கள் இடத்தைத் தருகிறீர்களா என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

முடிவு என்ன தெரியுமா? கேட்கப்பட்டவர்களில் சுமார் 68 சதவீதம் பேர் எழுந்தார்கள், அல்லது நகர்ந்து இடம் விட்டார்கள். நின்றுகொண்டு புத்தகம் படிக்க முடியவில்லை என்று ஒரு சப்பைக் காரணம் சொன்னபோது அது சுமார் 42 சதவீதமாகக் குறைந்தது! ஆனால் இதைவிட முக்கியமானது, கேட்டவர்களின் நிலைமை. மில்கிராமே கேட்கப் போனபோது வார்த்தை தொண்டையில் சிக்கிக் கொண்டது. இடம் கிடைத்து உட்கார்ந்ததும், நிஜமாகவே உடம்பு சரியில்லாதவர் போலத் தலையைக் குனிந்து கொண்டார். முகம் வெளுத்துப் போனது. விதியைக் காப்பாற்றுவது போலீஸ் அல்ல, நம் தொண்டைதான் என்பது அப்போது புரிந்தது.

சரி, இதற்கும் நம்ம வடசென்னைக்கும் என்ன சம்பந்தம்?

ரயில் இருக்கை என்றாலே தென்னிந்தியாவில் கதை ராயபுரத்தில்தான் தொடங்குகிறது. 1856 ஜூன் 28 அன்று ஆளுநர் ஹாரிஸ் பிரபு ராயபுரம் நிலையத்தைத் திறந்து வைத்தார். ஜூலை 1 முதல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை, சுமார் 100 கிலோமீட்டர், பொதுமக்களுக்காக ரயில் ஓடியது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இதுதான்.

அந்தக் காலத்தை யோசித்துப் பாருங்கள். யார் எந்தத் தெருவில் நடக்கலாம், யார் யார் பக்கத்தில் உட்காரலாம் என்பதெல்லாம் பிறப்பிலேயே முடிவான காலம். ரயிலோ முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்று காசை வைத்துப் பிரித்தது. சாதிக்கு ஒரு பெட்டி என்று இந்திய ரயில்களில் வைக்கவில்லை. கம்பெனிக்கு அதில் புரட்சி எண்ணம் எதுவும் கிடையாது. சாதிக்கு ஒரு பெட்டி கட்டினால் பாதிப் பெட்டி காலியாக ஓடும், கட்டுப்படியாகாது! வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் பெட்டி ஒதுக்கிக் கொடுத்த அதே ரயில்தான் இது. ஆனாலும் லாபக் கணக்கு ஒரு பெரிய சமூகவியல் சோதனையைத் தானாகவே நடத்தி விட்டது. ஊரில் எதிரே வரக்கூடாதவர், மூன்றாம் வகுப்பில் தோளை இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அப்படியானால் காசு சாதியை ஒழித்து விட்டதா? இல்லை. ரயிலை விட்டு இறங்கிச் சாப்பிடப் போனால், நிலைய உணவகத்தில் பிராமணாளுக்குத் தனி இடம், இதராளுக்குத் தனி இடம். பெட்டியில் தொலைந்த விதி பிளாட்பாரத்தில் பலகையாகத் தொங்கியது. ஒரே டிக்கெட், ஒரே பெட்டி, ஆனால் இலை மட்டும் வேறு வேறு இடத்தில். இந்தப் பிரிவினை ஒழிய 1941 வரை ஆனது. ராயபுரத்தில் ரயில் ஓடத் தொடங்கி 85 வருஷம் கழித்து!

அதற்காகத் தொடர்ந்து குரல் கொடுத்தவர் பெரியார். பலகையை எதிர்ப்பது அவருக்குப் புதிது அல்ல. 1924 மார்ச் 30 அன்று திருவிதாங்கூரில் வைக்கம் சத்தியாகிரகம் தொடங்கியது. கோரிக்கை கோயிலுக்குள் போவதுகூட அல்ல, கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பது மட்டுமே. முதல் நாள் மூன்று பேர் நடந்தார்கள். ஒருவர் புலையர், ஒருவர் ஈழவர், ஒருவர் நாயர். நாயருக்கு அந்தத் தெருவில் தடை இல்லை. ஆனால் மற்ற இருவரை விட்டுவிட்டுப் போக மறுத்தார். மூவரும் கைதானார்கள். அடுத்தடுத்த நாட்களிலும் ஆட்கள் வந்து கைதானார்கள். தலைவர்கள் சிறைக்குப் போனதும் ஈரோட்டிலிருந்து பெரியார் போனார், இரண்டு முறை சிறையில் இருந்தார். 1925 நவம்பரில் போராட்டம் முடிந்தபோது நான்கில் மூன்று பக்கத் தெருக்கள் எல்லோருக்கும் திறந்தன.

அடுத்த காட்சி சென்னையில். 1957 மே மாதம் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் திராவிடர் கழகத் தொண்டர்கள் மறியல் தொடங்கினார்கள். ஓட்டல் பலகையில் இருந்த "பிராமணாள்" என்ற ஒரு சொல்லை எடுக்க வேண்டும் என்பதுதான் கோரிக்கை. அதற்குள் உள்ளே யார் வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று ஆகிவிட்டது. பிறகு அந்தச் சொல் எதற்கு என்பது அவர்கள் கேள்வி. சட்டம் போன பிறகும் பழக்கம் பலகையில் ஒட்டிக்கொண்டிருந்தது. தினமும் ஆட்கள் வருவார்கள், கைதாவார்கள். மறுநாள் வேறு ஆட்கள். சுமார் பத்து மாதம் இப்படியே போய், ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதான பிறகு 1958ல் பலகையிலிருந்து அந்தச் சொல் இறங்கியது.

வகுப்புச் சோதனைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். மாணவருக்கு ஒரு தப்பிக்கும் வழி உண்டு. நிலைமை மோசமானால், "சாரி சார், இது காலேஜ் அசைன்மென்ட்" என்று சிரித்துவிட்டு நகரலாம். வைக்கத்தில் நடந்தவருக்கும் திருவல்லிக்கேணியில் நின்றவருக்கும் அந்த வசனம் கிடையாது. மில்கிராமுக்குச் சில நிமிடம் அடைத்த தொண்டையைத் தாண்டி, அடியையும் சிறையையும் தாண்டி அவர்கள் போக வேண்டியிருந்தது. அதிலும் ஒரு தடவை அல்ல, விதி தளரும் வரை.

அதற்காக அந்த வீட்டுப்பாடம் வீண் என்று அர்த்தம் இல்லை. ஒரு சின்ன விதியை மீறவே இவ்வளவு வியர்க்கிறது என்றால், பெரிய விதியை மீறியவர்கள் எவ்வளவு தாங்கினார்கள் என்று கணக்குப் போட அது ஓர் அளவுகோல். ரயில் வந்தால் மாறும், காசு வந்தால் மாறும், காலம் வந்தால் மாறும் என்று காத்திருந்தால் எல்லாம் மாறிவிடாது என்பதற்கு அந்த 85 வருஷமே சாட்சி. கிராமத்து டீக்கடைகளில் இரட்டைக் குவளை 21ஆம் நூற்றாண்டிலும் செய்தியாக வந்தது.

கும்மிடிப்பூண்டி யூனிட் ரயிலில் ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று போகும்போது, மூன்று பேர் பெஞ்சில் நாலாவது ஆள் "கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்பார். எல்லோரும் நகர்வார்கள். நியூயார்க்கில் தொண்டையை அடைத்த கேள்வி இங்கே தினசரிப் பேச்சு. அந்த நாலாவது ஆள் யார், எந்த ஊர், என்ன சாதி என்று யாரும் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதும் ஒரு விதிதான். ஆனால் இது தானாக வந்த விதி அல்ல.