சேதி இறங்கும் வழி, கணக்கு ஏறும் வழி

டவுனில் இருக்கும் நண்பர்களுக்குப் புயல் எச்சரிக்கை என்றால் டிவியில் ஓடும் செய்தி. எங்களுக்கு வி.ஏ.ஓ. வந்து, "பொழுது சாயறதுக்குள்ள பள்ளிக்கூடத்துக்குப் போயிடுங்க" என்று சொல்வதுதான் எச்சரிக்கை. வானிலை மையத்துச் சேதி கலெக்டர், தாசில்தார், ஆர்.ஐ. என்று இறங்கி எங்க தெருவுக்கு வந்து சேரணும். இந்த வழி சும்மா அமைந்துவிடவில்லை.

1964 டிசம்பர் 22 ராத்திரி, பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயிலைக் கடல் கொண்டுபோனது. நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்கள். வானிலைத் துறை தொடங்கி அப்போதே 89 வருஷம் ஆகியிருந்தது. இருந்தும் ரயில் கிளம்பியது.

2004-ல் சுமத்ரா பக்கம் பூமி அதிர்ந்து, அலை நாகை வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதற்குள் கரையில் இருந்தவர்களிடம் சொல்ல ஒரு ஏற்பாடும் இல்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள்.

அடுத்த வருஷமே பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. தேசிய ஆணையத்துக்குப் பிரதமர், மாநிலத்துக்கு முதல்வர், மாவட்டத்துக்குக் கலெக்டர் தலைவர். வருவாய்த் துறை, போலீஸ், சுகாதாரம், மின்வாரியம், மீன்வளம் எல்லாம் ஒரே மேசைக்கு வந்தன.

2018 நவம்பர் 16 விடிகாலை கஜா கரையேறியபோது அதன் பலனைப் பார்த்தோம். 80,000 பேருக்கு மேல் முகாமில் இருந்தார்கள். சாவு இருந்தது, ஆனால் அந்தக் காற்றுக்கு அது எவ்வளவோ பெருகியிருக்கும்.

தென்னைக்கு ஏது முகாம்? லட்சக்கணக்கில் சாய்ந்தது. இங்கேதான் இரண்டாவது வழி தொடங்குகிறது. வி.ஏ.ஓ.வும் தோட்டக்கலை ஆட்களும் மரம் எண்ணணும், கணக்கு கலெக்டர் வழியாக மேலே ஏறணும், மத்தியக் குழு வந்து பார்க்கணும், பிறகுதான் பணம் இறங்கும். அரசு அறிவித்தது மரத்துக்கு 600, வெட்டி அகற்ற 500, ஆக 1,100 ரூபாய். புதுக் கன்று காய்க்க ஐந்தாறு வருஷம் ஆகும்.

சேதி சில மணி நேரத்தில் இறங்கிவிடுகிறது. கணக்கு ஏறத்தான் நாளாகிறது, விழுந்து கிடக்கும் தோப்பில் மரம் எண்ணுவதும் லேசில்லை. எந்த சர்வே நம்பரில் என்ன பயிர் என்று எழுத அடங்கல் என்று ஒரு பதிவேடு இருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன்னாடியே வருவாய்த் துறையும் தோட்டக்கலையும் சேர்ந்து வந்து, நிற்கிற மரத்தை எண்ணி அதில் ஏற்றட்டும். புயலுக்கு அப்புறம் பாதி வேலை மிச்சம்.