மணல் முதல் கணிப்பொறி வரை

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் சாலையில் திருப்புலிவனம் என்றோர் ஊர் உண்டு. வியாக்கிரபுரீசுவரர் கோயிலால் பெயர் பெற்ற ஊர் அது. ஆசிரியப் பயிற்சி பெற்றுவரும் நீங்கள், அத்தகைய ஒரு கிராமத்துப் பள்ளியில் நாளை பணியேற்கப் போவதாக வைத்துக்கொள்வோம். வகுப்பில் நுழைந்து ஒரு கேள்வி கேட்கிறீர்கள். இரண்டு பிள்ளைகள் கையைத் தூக்குகிறார்கள். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். அவர்களிலும் பலருக்கு விடை ஓரளவு தெரியும். ஆனால் தப்பாகச் சொல்லிவிட்டால் நாலு பேர் சிரிப்பார்களே என்ற அச்சம் அவர்கள் வாயைக் கட்டிவிடுகிறது.

இந்த அச்சத்தைப் போக்க என்ன செய்வது? விளையாட்டு வழியே கற்பிக்கலாம் என்பார்கள் சிலர். கணிப்பொறியும் திறன்பேசியும் வந்துவிட்டனவே, அவற்றைப் பயன்படுத்தலாம் என்பார்கள் வேறு சிலர். இரண்டுமே நல்ல யோசனைதான். ஆனால் எந்த விளையாட்டு? எந்தக் கருவி? இதற்கு விடை தேட நாம் சில நூற்றாண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

நான்கு சிறுவர்களும் ஒரு பயணியும்

இத்தாலிய நாட்டுப் பயணி பியத்ரோ தெல்லா வாலே 1623-ஆம் ஆண்டில் கருநாடகத்தில் உள்ள இக்கேரிக்கு வந்தார். அங்கே ஒரு கோயில் முகப்பில் நான்கு சிறுவர்கள் அமர்ந்து கணக்குப் படிப்பதைக் கண்டார். தரையில் மெல்லிய மணலைப் பரப்பி, பாடத்தைப் பாட்டாகப் பாடிக்கொண்டே, விரலால் எண்களை எழுதினார்கள். தரை நிரம்பியதும் மணலைக் கலைத்துப் புதிதாகத் தூவி மீண்டும் எழுதினார்கள். அருகில் ஆசிரியர் எவரும் இல்லை. நீங்கள் மறந்துவிட்டால் திருத்துவது யார் என்று பயணி கேட்டார். நால்வரும் ஒரே இடத்தில் மறந்துவிடுவது நடவாது. ஒருவன் மறந்தால் மற்றவன் எடுத்துக்கொடுப்பான் என்ற பொருள்பட அவர்கள் பதில் சொன்னார்களாம்.

இந்தக் காட்சியைச் சற்று ஊன்றிப் பாருங்கள். இதில் இரண்டு செய்திகள் அடங்கியுள்ளன. மணலில் எழுதிய பிழை நிலைப்பதில்லை. கையால் ஒருமுறை தடவினால் மறைந்துவிடுகிறது. பிழையைச் சுட்டிக்காட்டுபவனும் தண்டிக்கும் அதிகாரி அல்லன். உடன் படிக்கும் தோழன்.

நம் திண்ணைப் பள்ளிகளிலும் பிள்ளைகள் மணலில்தான் எழுதத் தொடங்கினார்கள். கை பழகிய பிறகே பனையோலையும் எழுத்தாணியும் வந்தன. பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி என்று கணக்குப் பாடங்கள் வரிசையாக அமைந்திருந்தன. முந்திரி என்றால் 320-இல் ஒரு பங்கு. காணி என்றால் 80-இல் ஒரு பங்கு. மா என்றால் 20-இல் ஒரு பங்கு. இவற்றையெல்லாம் சிறுவர்கள் மனப்பாடமாகச் சொன்னார்கள். மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தான். சென்னை மாகாணத்தில் 1822-இல் ஆளுநர் தாமஸ் மன்றோ எடுக்கச் சொன்ன கணக்கின்படி 12,498 பள்ளிகள் இருந்தன. ஒரு லட்சத்து எண்பத்தெட்டாயிரம் பேருக்கு மேல் அவற்றில் படித்தார்கள்.

ஆனால் அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று எண்ணிவிடக் கூடாது. அந்தத் திண்ணைகளில் பிரம்பும் இருந்தது. பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடும் ‘கோதண்டம்’ என்ற தண்டனையும் இருந்தது. மணல் பிழையை மன்னித்தது, வாத்தியார் மன்னிக்கவில்லை. பல சாதியாருக்கும் பெரும்பாலான பெண் குழந்தைகளுக்கும் அந்தத் திண்ணையில் இடமே கிடைக்கவில்லை. கருவி நல்லதாக இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு இதுவே முதல் சான்று.

எழும்பூரிலிருந்து இங்கிலாந்துக்கு

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1789-இல் சென்னை எழும்பூரில் இருந்த படைவீரர்களின் ஆண் குழந்தைகளுக்கான அநாதை விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். ஒருநாள் குதிரையில் செல்லும்போது, ‘மலபார்’ பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். அக்கால ஐரோப்பியர்கள் தமிழரையும் மலபார் என்றே அழைத்தார்கள். இந்த முறையைத் தம் பள்ளியிலும் கொண்டுவர விரும்பினார். அங்கிருந்த ஆசிரியர்களோ அதற்கு இணங்கவில்லை. எனவே ஜான் பிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனை அழைத்து, எழுத்து வகுப்பை அவனிடமே ஒப்படைத்தார். ஆசிரியர்கள் முடியாது என்றதைச் சிறுவன் முடித்துக் காட்டினான்.

1796-இல் தாயகம் திரும்பிய பெல், மறு ஆண்டு இந்தச் சோதனையை நூலாக வெளியிட்டார். ‘சென்னை முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவியது. ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் இதையொத்த ஒரு முறையைப் பரப்பினார். ஸ்காட்லாந்தின் செயிண்ட் ஆண்ட்ரூஸ் நகரில் பெல் விட்டுச்சென்ற பணத்தால் எழுந்த பள்ளி, இன்றும் ‘மெட்ராஸ் கல்லூரி’ என்றே அழைக்கப்படுகிறது. நம் ஊர்த் திண்ணையின் நினைவு அத்தனை தொலைவில் நிற்பது வியப்பல்லவா?

ஆயினும் இந்த முறை நெடுங்காலம் நிலைக்கவில்லை. குறைந்த செலவில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லலாம் என்பதே அதன் பெருமையாகிவிட்டது. பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, படைப்பயிற்சி போல் கட்டளையிட்டு ஒப்பிக்கச் செய்தார்கள். தோழனாக இருந்த சட்டாம்பிள்ளை சிறு அதிகாரி ஆனான். 1846-க்குப் பின் இங்கிலாந்தில் வேறு முறை அதன் இடத்தைப் பிடித்தது. இக்கேரியில் இருந்த அதே மணல்தான் அங்கும் சென்றது. மணலைச் சுற்றியிருந்த தோழமை மட்டும் கூடச் செல்லவில்லை.

தானே திருத்தும் பொருள்கள்

மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். உலகப் போர் மூண்டதால் 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. அதில் ஒரு பகுதியைக் கொடைக்கானலில் கழித்தார். அவருடைய கருவிகளில் ஒன்று, உப்புத்தாளில் வெட்டி அட்டையில் ஒட்டிய எழுத்துகள். குழந்தை அவற்றின்மீது விரலை ஓட்டி எழுத்தின் வடிவத்தை உணர்கிறது. மணலில் எழுதுவதற்கு நெருங்கிய உறவு இது.

இன்னொரு கருவி மரக்கட்டை ஒன்றில் பொருந்தும் உருளைகள். ஒவ்வோர் உருளைக்கும் அதற்குரிய துளை உண்டு. தவறான துளையில் ஒன்றை வைத்துவிட்டால் கடைசி உருளைக்குச் சரியான இடம் இராது. ‘தப்பு’ என்று எவரும் சொல்ல வேண்டியதில்லை. குழந்தை தானே கண்டுபிடித்து, எல்லாவற்றையும் எடுத்து மறுபடி அடுக்குகிறது. பிழையைக் காட்டும் வேலையை ஆசிரியரின் குரலிலிருந்து பொருளுக்கு மாற்றியதே மாண்டிசோரியின் பெரிய சாதனை எனலாம்.

கணிப்பொறிக்கும் இந்த மரபு உண்டு. 1967-இல் சீமோர் பேப்பர்ட் என்ற அறிஞரும் அவருடைய கூட்டாளிகளும் அமெரிக்காவில் ‘லோகோ’ என்ற கணிப்பொறி மொழியைக் குழந்தைகளுக்காக உருவாக்கினார்கள். திரையில் ஓர் ‘ஆமை’ இருக்கும். ‘100 அடி முன்னே போ, 90 பாகை வலப்புறம் திரும்பு’ என்று நான்கு முறை கட்டளையிட்டால் அது சதுரம் வரையும். இனி முக்கோணம் வரையச் சொல்வோம். முக்கோணத்தின் கோணம் 60 பாகை என்று படித்த பிள்ளை, 60 பாகை திரும்பச் சொல்லும். ஆமை மூன்று பக்கங்களை வரைந்துவிட்டு முக்கோணத்தை மூடாமல் நிற்கும். அறுகோணத்தில் பாதிதான் கிடைக்கும். ஏன்? ஆமை திரும்ப வேண்டியது உட்கோணம் அன்று, வெளிக்கோணம். 120 பாகை திரும்ப வேண்டும். அந்தப் பிழையில்தான் வடிவ கணிதத்தின் ஒரு பாடமே இருக்கிறது.

இந்தியப் பள்ளிகளில் 1984-இல் ‘கிளாஸ்’ என்ற திட்டத்தின்கீழ் சுமார் 250 இடங்களில் கணிப்பொறிகள் அறிமுகமாயின. பொறியை வாங்குவது எளிது. ஒவ்வொரு பிள்ளையும் அதில் கைவைத்துப் பிழை செய்து பார்க்கும்படி நேரம் ஒதுக்குவதே அரிது. இந்தச் சிக்கல் இன்றும் தீர்ந்தபாடில்லை. பாடப் படத்தைப் பிள்ளைகள் வாய்மூடிப் பார்த்துக்கொண்டிருந்தால், அது வண்ணம் பூசிய கரும்பலகைதான்.

காகித அட்டையாலும் இதைச் சாதிக்க முடியும். ஆந்திரத்து ரிஷிவேலிப் பள்ளியைச் சேர்ந்தவர்கள் சுற்றுக் கிராமங்களுக்கென்று வகுத்த முறையைத் தழுவி, சென்னை மாநகராட்சி 2003-இல் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கியது. 2007-08-இல் அது தமிழ்நாடு முழுவதும் விரிந்தது. பாடம் ஓர் ஏணியாக அமைந்தது. ஒவ்வொரு பிள்ளையும் தன் படியில் நின்று, தன் அட்டையை எடுத்து, தன் வேகத்தில் ஏறியது. 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்திலும் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலைக்கேற்ற பிரிவுகள் உண்டு. அட்டையை எடுத்து வைப்பதே பாடம் என்று ஆகிவிட்டால் ஏணியும் சடங்காகிவிடும் என்பதையும் மறக்கக் கூடாது.

உங்கள் வகுப்பில்

இனி உங்கள் பள்ளிக்கு வருவோம். பல்லாங்குழிப் பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். 14 குழிகள், குழிக்கு 5 காய் வீதம் 70 காய்கள். ஒரு குழியின் காய்களை எடுத்து அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டால் கடைசிக் காய் எங்கே விழும்? போடுவதற்கு முன் சொல்லச் சொல்லுங்கள். 14 காய் சேர்ந்த குழியை எடுத்தால், கடைசிக் காய் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். 15 என்றால்? 29 என்றால்? சொன்ன விடை சரியா என்பதைக் காயே காட்டிவிடும். வகுத்தலில் மீதி என்பது என்ன என்று பிள்ளைக்கு விளங்கிவிடும். கணிப்பொறி இல்லையென்றாலும் கவலையில்லை. பள்ளி மைதானத்தில் ஒரு பிள்ளையே ஆமையாகி நடக்கலாம், மற்றவர்கள் கட்டளையிடலாம்.

வரலாற்றுப் பாடத்துக்கோ உங்கள் வாசலிலேயே ஒரு பொருள் காத்திருக்கிறது. அருகிலுள்ள உத்திரமேரூரின் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்களில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் உள்ளன. ஊரில் 30 குடும்புகள். தகுதி உடையவர்களின் பெயர்களை ஓலையில் எழுதி, குடும்பு வாரியாகக் கட்டிக் குடத்தில் இடுவார்கள். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அதை வேறு குடத்தில் இட்டுக் குலுக்கி, ஓர் ஓலையை எடுப்பான். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்று, எல்லோருக்கும் கேட்கப் படிப்பான்.

இதை வகுப்பில் நடித்துப் பாருங்கள். விரல்களை ஏன் விரிக்க வேண்டும்? சிறுவன் ஏன் அறியாதவனாக இருக்க வேண்டும்? பிள்ளைகளே காரணம் கண்டுபிடிப்பார்கள். ஐந்து பெயர்களில் ஒன்றை எடுத்து மறுபடி குடத்திலிட்டு, 50 முறை எடுத்தால் ஒவ்வொரு பெயரும் சரியாக 10 முறை வருமா? எண்ணிப் பார்த்தால் நிகழ்தகவுப் பாடம் தொடங்கிவிடும்.

பிறகு அக்கால விதிகளையும் சொல்லுங்கள். இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதக் கல்வி வேண்டும். நிலம் உண்டு, நிலம் இல்லை என்று எழுதிய சீட்டுகளைக் கொடுத்து ஆடினால், வகுப்பில் பெரும்பாலோர் குடத்தின் அருகிலேயே வர முடியாது என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும். பெண் பிள்ளைகள் அனைவரும் ஒதுங்கி நிற்க நேரும். அப்போது எழும் கேள்விகளுக்குக் காது கொடுங்கள். 1951-52-இல் நடந்த முதல் பொதுத் தேர்தலில் வயது வந்த அனைவருக்கும் வாக்குரிமை இருந்தது எத்தகைய மாற்றம் என்பதைப் பிள்ளைகள் தாமே உணர்வார்கள்.

ஆகவே எந்தப் புதிய கருவியை எவர் கொண்டுவந்து கொடுத்தாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். இது பிள்ளையின் கையில் இருக்குமா, என் கையில் மட்டும் இருக்குமா? பிழை செய்தால் பிள்ளைக்கே தெரியுமா? அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாமா? மூன்றுக்கும் ஆம் என்றால் அது மணலானாலும் சரி, கணிப்பொறியானாலும் சரி, வகுப்புக்குள் வரட்டும்.

உத்திரமேரூர்ச் சபையார் 919-இல் ஒரு விதி செய்தார்கள். அதில் உறுப்பினர் வயது 30 முதல் 60 வரை. 921-இல் அந்த விதிகளையே மாற்றி, வயதை 35 முதல் 70 வரை என்று அமைத்தார்கள். கல்லில் வெட்டிய எழுத்தைக்கூட அவர்கள் இரண்டே ஆண்டுகளில் திருத்தினார்கள். உங்கள் மாணவன் சிலேட்டில் எழுதியதைத் திருத்திக்கொள்ள, நீங்கள் இரண்டு நிமிடம் கொடுக்கக் கூடாதா?