அரிசிக்கு வந்தவர்களும் அரிசி கொடுத்தவர்களும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமைதானே, பொறுமையாக வாசியுங்கள்.

"சார், தப்பா நினைக்காதீங்க. திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவங்க எல்லாம் பஞ்ச காலத்துல அரிசிக்காக மாறினவங்கன்னு சொல்றாங்களே, உண்மையா?" என்று பழைய மாணவர் ஒருவர் உள்பெட்டியில் கேட்டிருந்தார். தப்பாக நினைக்க ஒன்றுமில்லை, தம்பி. முப்பது வருஷத்துக்கு மேல் வரலாறு சொல்லிக்கொடுத்தவனிடம் கேட்க வேண்டிய கேள்விதான். உள்பெட்டியில் பதில் சொன்னால் ஒருவருக்குத்தான் போகும். பலருக்கும் இந்தக் கேள்வி இருக்கும் என்பதால் இங்கேயே எழுதுகிறேன்.

முதலில் உண்மையை உண்மை என்று ஒத்துக்கொள்வோம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கியது தாது வருஷப் பஞ்சம். லட்சக்கணக்கில் சனங்கள் செத்தார்கள். அப்போது மிஷனரிகள் நிவாரணம் கொடுத்தார்கள். அதையொட்டித் திருநெல்வேலிச் சீமையில் ஆயிரக்கணக்கானோர் கிறிஸ்தவச் சபைகளில் சேர்ந்ததும் நடந்ததுதான். பஞ்சம் தீர்ந்ததும் திரும்பிப் போனவர்களும் உண்டு. இதை மறைத்து வரலாறு எழுத முடியாது.

ஆனால் தேதிகளையும் பார்க்க வேண்டும். தாது பஞ்சத்துக்குச் சரியாக ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இங்கே சபை தொடங்கிவிட்டது. தஞ்சாவூரைச் சேர்ந்த பிராமண விதவை குளோரிந்தாள் 1778இல் பாளையங்கோட்டையில் சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றார். 1780இல் அங்கே எழுதப்பட்ட சபைப் பதிவேட்டில் இருந்தவர்கள் வெறும் 40 பேர். குளோரிந்தாள் முயற்சியால் 1785 வாக்கில் எழுந்த சிறிய ஆலயத்தைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றே ஊர் சொன்னது. அந்த அம்மாள் ஒரு கிணறும் வெட்டிவைத்தார். அதற்கும் பாப்பாத்தியம்மாள் கிணறு என்றுதான் பெயர்.

1799இல் தாவீது சுந்தரானந்தம் தலைமையில் முதலூர் உருவானது. புதிதாகக் கிறிஸ்தவர்கள் ஆனவர்கள் சொந்த ஊரில் நிம்மதியாக இருக்க முடியாமல், நிலம் வாங்கிக் குடியேறிய முதல் ஊர் என்பதால் அது முதலூர். 1820இல் ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தார். இப்படி விரட்டப்பட்டவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுப்பதற்கென்றே 1830இல் தர்ம சங்கம் ஏற்பட்டது. அவர் 1838இல் இறந்தபோது திருநெல்வேலிச் சீமையில் நூற்றுக்கணக்கான கிராமங்களில் சபைகள் இருந்தன. இதெல்லாம் பஞ்சத்துக்கு 40 வருஷம் முந்திய கதை.

சரி, அவர்கள் ஏன் வந்தார்கள்? விசுவாசத்தால் வந்தவர்கள் உண்டு. பண்ணையாரின் தொல்லையிலிருந்து தப்ப வந்தவர்கள் உண்டு. பிள்ளை நாலு எழுத்துப் படிக்கட்டும் என்று வந்தவர்கள் உண்டு. மனுஷனாக நடத்துகிறார்களே என்று வந்தவர்கள் உண்டு. ஒரே ஆளின் மனதுக்குள்ளேயே இந்த நாலும் கலந்து கிடந்திருக்கும். கால்டுவெல் ஐயரும் இந்தக் கலப்பான நோக்கங்களைப் பற்றி மறைக்காமல் எழுதியிருக்கிறார். பசித்தவன் சோறு கொடுத்த கையைப் பிடித்துக்கொண்டது எனக்குக் கேவலமாகத் தெரியவில்லை.

எதற்காக வந்தார்கள் என்பது ஒரு கேள்வி. வந்தபின் என்ன செய்தார்கள் என்பது இன்னொரு கேள்வி. இந்த இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. அதற்குப் பதில் எங்கள் வீட்டு அடுப்பங்கரைகளில் இருந்தது.

பிடி அரிசிக் கலயம் என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா? தென் மாவட்டத்துப் பழைய கிறிஸ்தவ வீடுகளில் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மண் கலயம் இருக்கும். உலையில் அரிசி போடும் முன் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து அதில் போடுவார்கள். எங்கள் ஆச்சி அப்போது ஒரு நிமிஷம் கண்ணை மூடி வாய்க்குள் என்னவோ சொல்லுவாள். ஞாயிற்றுக்கிழமை அந்த அரிசி ஆலயத்துக்குப் போகும். எல்லார் வீட்டு அரிசியும் ஒரே பெட்டியில் விழும். பிறகு அது ஏழைகளுக்கும் உபதேசியாருக்கும் போகும், இல்லையென்றால் ஆராதனை முடிந்ததும் ஏலம் விட்டுக் காசாகும்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயங்கள் மூன்று.

ஒன்று, அந்தப் பிடி சமைக்கும் முன்பே எடுக்கப்பட்டது. சாப்பிட்டு மிஞ்சியதைக் கொடுப்பது வேறு, எல்லாருக்கும் ஒரு கவளம் குறையும் என்று தெரிந்தே எடுத்து வைப்பது வேறு. தேரிக்காட்டுப் பக்கம் நெல்லுச் சோறே அபூர்வம். கம்பும் கேழ்வரகும் கருப்பட்டியும்தான் சாப்பாடு. அரிசி இல்லாத வீட்டுக் கலயத்தில் கம்பு விழுந்தது.

இரண்டு, கொடுத்தவர்கள் பெண்கள். அந்தக் காலத்தில் மடியில் காசு வைத்திருந்த பெண் எத்தனை பேர்? காசு புருஷன் கையில், நிலம் மாமனார் பேரில். ஆனால் அரிசிப் பானை மட்டும் அவள் ஆட்சி. எவ்வளவு உலைக்கு, எவ்வளவு கலயத்துக்கு என்பதை அவள்தான் தீர்மானித்தாள். சபைக் கமிட்டியில் ஓட்டு இல்லாத பெண் சபையைத் தாங்கியது இப்படித்தான்.

மூன்று, பெட்டியில் விழுந்தபின் எது யார் வீட்டு அரிசி என்று யாராலும் சொல்ல முடியாது.

கணக்கு வாத்தியார் இல்லையென்றாலும் ஒரு சின்னக் கணக்குப் போடுகிறேன். ஒரு பிடி 50 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினம் ஒரு பிடி என்றால் மாதம் ஒன்றரைக் கிலோ. 100 வீடுள்ள ஊரில் மாதம் 150 கிலோ, அதாவது 75 கிலோ மூட்டையில் இரண்டு. ஒரு வீட்டுக்கும் பெரிய பாரமில்லை. ஊர் சேர்ந்தால் ஓர் உபதேசியார் குடும்பம் பிழைக்கும், இரண்டு விதவைகள் பட்டினியில்லாமல் இருப்பார்கள்.

ஆண்கள் பக்கத்திலும் இப்படி ஒன்று இருந்தது. பனைத் தொழில் தெரிந்தவர்களுக்குத் தெரியும், பருவத்தில் பாளையைத் தினமும் சீவ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் என்று விட்டுவிட்டால் பாளை அடைத்துக்கொள்ளும், பதநீர் நின்றுபோகும். ஓய்வுநாளையும் விட முடியாது, பாளையையும் விட முடியாது. எங்கள் பக்கத்தில் சிலர் இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஏறுவார்கள், சீவுவார்கள், ஆனால் அன்றைய பதநீர் தங்களுக்கு இல்லை, ஆலயத்துக்கு. வேதசாஸ்திரம் படித்தவர்கள் ஓய்வுநாளைப் பற்றிப் புத்தகம் எழுதுவார்கள். பனையேறி இடுப்புக் கத்தியோடு யோசித்துக் கண்ட தீர்வு இது. விசுவாசத்தை அன்றாட வாழ்க்கையில் வாழ்வது என்று பிரசங்கத்தில் கேட்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

இப்போது 1903க்கு வருவோம். வெள்ளாளன்விளையில் 1874இல் ஒரு கிராமத்துக் குருவானவரின் மகனாகப் பிறந்தவர் வே. ச. அசரியா. 1902இல் யாழ்ப்பாணம் போனபோது அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தப் பணத்தில் ஊழியர்களை வெளியூருக்கு அனுப்புவதைப் பார்த்தார். நம்மால் ஏன் முடியாது என்ற கேள்வியோடு திரும்பினார். 1903 பிப்ரவரி 12ஆம் தேதி பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பதுதான் கொள்கை. வெளிநாட்டுக் காசு வேண்டாம். அவர்கள் தேர்ந்தெடுத்த இடம் நிஜாம் ராஜ்யத்தில் இருந்த தோர்ணக்கல். வேறு மொழி, வேறு சீமை.

அந்தச் சங்கத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது? கிராமத்துச் சபைகளின் காணிக்கையிலிருந்து, அந்தக் கலயங்களிலிருந்தும்தான். தாது பஞ்சம் முடிந்து 25 வருஷம்தான் ஆகியிருந்தது. அரிசிக்காக வந்தவர்கள் என்று ஏளனம் செய்யப்பட்டவர்கள், அல்லது அவர்களுடைய பிள்ளைகள், இப்போது தெலுங்கு நாட்டில் முன்பின் பார்த்திராத ஏழைகளுக்காக அரிசி எடுத்து வைத்தார்கள். தம்பி, உங்கள் கேள்விக்கு நான் தரக்கூடிய நேரான பதில் இதுதான்.

அசரியா 1909இல் குருப்பட்டம் பெற்றுத் தானே தோர்ணக்கல் போனார், தெலுங்கு கற்றார். 1912 டிசம்பர் 29இல் கல்கத்தாவில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்றார். 1945 ஜனவரி 1இல் இறக்கும்வரை கிராமம் கிராமமாகச் சுற்றினார். அங்கே சபையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட மாலா, மாதிகா மக்கள். குடியை விடுவது, வீட்டைச் சுத்தமாக வைப்பது, பிள்ளைகளைப் படிக்க வைப்பது ஆகியவற்றை விசுவாசத்தின் பகுதியாகவே அவர் போதித்தார். அந்த மக்களின் வாழ்க்கை மாறியதைப் பார்த்துப் பக்கத்து மேல்சாதியினரும் சபையை நாடினார்கள். பிரசங்கத்தைவிட நடத்தைதான் அங்கே அதிகம் பேசியது.

கலயம் நமக்கு மட்டும் சொந்தமும் இல்லை. மிசோரம் மாநிலத்தில் 1910 முதல் இதே வழக்கம் இருக்கிறது. அதை 'புஹ்ஃபாய் தாம்' என்கிறார்கள். அங்கே இன்றைக்கும் அது பெரிய அளவில் நடக்கிறது. பொருளில்லாத சனங்கள் தங்கள் காலில் நிற்க நினைத்தபோது இரண்டு மூலைகளிலும் ஒரே வழியைப் பிடித்திருக்கிறார்கள்.

பெருமை பேசியாயிற்று. வரலாற்று வாத்தியார் பாதியில் நிறுத்தக் கூடாது, மறுபக்கத்தையும் சொல்கிறேன்.

பெட்டியில் அரிசி கலந்தது போல மனுஷர்கள் கலக்கவில்லை. சுவார்ட்ஸ் ஐயர் காலத்துத் தஞ்சாவூர்ச் சபைகளில் சாதிக்கு ஒரு பக்கமாக உட்கார்ந்தார்கள். ரேனியஸ் 1820களில் பாளையங்கோட்டையில் நடத்திய செமினரியில் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாகச் சாப்பிட வேண்டும் என்றபோது எதிர்ப்பு வந்தது, பிள்ளைகள் வெளியேறினார்கள். 1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி உடனே ஒழிய வேண்டும் என்று கட்டளை எழுதினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே விலகினார்கள். இன்றைக்கும் நாம் உருகிப் பாடுகிற பாடல்களைத் தந்த வேதநாயக சாஸ்திரியார் அந்தச் சச்சரவில் சாதி வழக்கத்தின் பக்கம் நின்றார். கவித்துவத்துக்கு நான் தலை வணங்குகிறேன். அந்த நிலைப்பாட்டுக்கு வணங்க முடியாது.

அதனால்தான் எங்கள் ஊர்ப்பக்கம் அசனப் பண்டிகை எனக்கு முக்கியமாகப் படுகிறது. அண்டா அண்டாவாகச் சோறும் குழம்பும் பொங்கி, யார் யார் பக்கத்தில் என்று பார்க்காமல் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவது அசனம். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது வெறும் விருந்து. 1820களில் ஒரு பள்ளிக்கூடப் பந்தி எதற்காக உடைந்தது என்று தெரிந்தவர்களுக்கு அது வெறும் விருந்து அல்ல. ஆனால் அசனத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவரே மறுமாதம் சபைத் தேர்தலில் சாதி சொல்லி ஓட்டுக் கேட்கிறாரே, அதை என்ன சொல்ல? கல்யாணப் பேச்சிலும் சில ஊர்க் கல்லறைத் தோட்டங்களிலும் இன்றும் கோடு இருக்கிறதே? கிறிஸ்தவர் அல்லாத நண்பர் ஒருவர் இதைக் கேட்டால் நாம் தலை குனியத்தான் வேண்டும். அரிசிக்கு மாறினவர்கள் என்ற பேச்சுக்கு என்னிடம் பதில் இருக்கிறது. மாறின பிறகும் இதை மாற்றவில்லையே என்ற பேச்சுக்குப் பதில் இல்லை.

இப்போது கலயம் பல வீடுகளில் இல்லை. காணிக்கை உறைக்குள் போனது, அங்கிருந்து கைப்பேசிக்குப் போனது. அதில் குற்றமில்லை. அரிசியே கடையிலிருந்து பையில் வருகிற காலம். ஆனால் உறையில் பெயரும் எண்ணும் வந்துவிட்டன. ஆலயத்து மின்விசிறி இறக்கையில்கூட 'உபயம்' என்று பெயர் சுற்றுகிறது. பெட்டியில் பெயரில்லாமல் விழுந்த அரிசியை நினைத்துக்கொள்கிறேன். தினமும் இரண்டு வேளை அடுப்பு மூட்டும்போது அடுத்தவன் பசி நினைவுக்கு வந்ததே, அந்தப் பழக்கத்தை மாதம் ஒருமுறை விரலால் தொட்டு அனுப்பும் பணம் தருமா? எனக்குச் சந்தேகம்தான்.

வாழ்கிற விசுவாசம் என்று பெரிதாகத் தேட வேண்டாம் என்பது என் எண்ணம். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்குத் தனி டம்ளர் வைக்காமல் இருப்பது, கொத்தனாருக்குச் சாயங்காலமே கூலியைக் கொடுத்துவிடுவது, கடை வைத்திருப்பவர் தராசைச் சரியாகப் பிடிப்பது, வாத்தியார் என்றால் பின்பெஞ்சுப் பையனின் நோட்டையும் முழுதாகத் திருத்துவது. இவையெல்லாம் இன்றைய பிடி அரிசி. எங்கள் வீட்டில் இப்போது என்ன எடுத்து வைக்கிறோம் என்று சொல்லலாம்தான். ஆனால் வலது கை செய்வது இடது கைக்குத் தெரிய வேண்டாம் என்று ஆண்டவர் சொல்லியிருக்கிறார், முகநூலுக்கு மட்டும் தெரியலாமா?

ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய ஆச்சியோ பெரியம்மாவோ இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். கலயம் எங்கே இருந்தது, யார் தூக்கிப் போவார்கள், ஏலத்தில் யார் எடுப்பார்கள், பஞ்சமான வருஷத்திலும் போட்டீர்களா என்று கேளுங்கள். கிறிஸ்தவ வீடாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. கோயிலுக்கும் மடத்துக்கும் பள்ளிவாசலுக்கும் எடுத்து வைத்த வீடுகளின் கதையும் வேண்டும். கேட்டதைக் கீழே எழுதுங்கள். பதிவேடுகளில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் பெயர் இருக்கிறது, கட்டியவர்கள் பெயர் இருக்கிறது. கலயத்தில் அரிசி போட்ட பெண்களின் பெயர் எங்கேயும் இல்லை. அவர்களை நினைவு வைத்திருப்பவர்கள் இருக்கும்போதே எழுதிவைத்துவிடுவோம்.