நெல்லுதான் காசு, களம்தான் கடை

இன்னைக்கு ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கலாம். 250 வருஷத்துக்கு முன்னாடி தாம்பரம், சேலையூர் பக்கம் ஒரு விவசாயிக்குக் கலப்பையோட கொழு மழுங்கிப்போச்சுன்னா, அவர் எங்க போவார், என்ன கொடுப்பார்?

ஊர்க் கொல்லர்கிட்ட போவார். அன்னைக்கு எதுவும் கொடுக்க மாட்டார். அறுவடை முடிஞ்சு, களத்துல நெல்லை அளக்கும்போதுதான் கணக்குத் தீரும்.

இது நமக்கு எப்படித் தெரியும்? 1763-ல ஆற்காட்டு நவாப் முகமது அலி, செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீரா கொடுத்தார். அங்க என்ன விளையுது, யாருக்கு எவ்வளவு போகுதுன்னு கம்பெனிக்குத் தெரியணும். அதுக்காகத் தாமஸ் பர்னார்டுங்கிற இன்ஜினீயர் 1767-லேர்ந்து 1774 வரைக்கும் சுமார் 2,000 ஊர்களை சர்வே பண்ணினார். வரிக்காக எடுத்த கணக்குதான். ஆனா ஒரு ஊரோட சப்ளை செயினே அதுல இருக்கு.

விளைச்சலை அரசாங்கமும் பயிரிட்டவங்களும் பிரிச்சுக்கிறதுக்கு முன்னாடியே, பொதுவுல பங்கு எடுத்து வெச்சிடுவாங்க. கோயிலுக்கு, ஏரிக்கு, கணக்குப்பிள்ளைக்கு, கொல்லர், தச்சர், குயவர், வண்ணார், நாவிதர், வெட்டியான்னு பட்டியல் நீளும். 8 படி ஒரு மரக்கால், 12 மரக்கால் ஒரு கலம்னு அளந்து கொடுக்கணும். இந்தப் பங்குக்கு மேரைன்னு ஒரு பேர், சுதந்திரம்னு இன்னொரு பேர். ஆமா, ஆகஸ்ட் 15-க்கு நாம சொல்ற அதே வார்த்தைதான்! உரிமையா வர்ற நெல்லுக்கு அந்தப் பேர். எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயமே இதுதான்.

சட்டி பானைக்கு ஏரிக் களிமண், கூரைக்கும் கயித்துக்கும் பனைமரம். உப்பு வெளியிலேர்ந்து வரணும். ஓ.எம்.ஆர்-ல கேளம்பாக்கம் தாண்டும்போது உப்பளம் பார்த்திருப்பீங்களே, அந்த மாதிரி கடலோரத்துலேர்ந்து. 1805-ல கம்பெனி அந்த உப்பையும் தன்னோட ஏகபோகமா ஆக்கிடுச்சு.

“பார்த்தீங்களா, அந்தக் காலத்துல ஊரே தற்சார்பா இருந்துச்சு”ன்னு இங்க முடிச்சுடலாம். நிறைய வாட்ஸ்அப் ஃபார்வேர்டு அப்படித்தான் முடியுது. ஆனா அந்த நெல்லை விதைச்சு, அறுத்து, அடிச்சவங்க யாரு?

பெரும்பாலும் பறையர் சமூகத்துப் பண்ணையாட்கள். அவங்களுக்கும் கூலி நெல்தான். 1890-கள் தொடக்கத்துல செங்கல்பட்டு கலெக்டரா இருந்த ட்ரெமென்ஹீர் அவங்க நிலைமையைப் பத்தி ஒரு அறிக்கை எழுதினார். குடிசை நிக்கிற மண்ணுகூட மிராசுதாருக்குத்தான் சொந்தம், சொந்தமா நிலம் கேட்டா குடிசையைக் காலி பண்ணச் சொல்லி மிரட்டலாம்னு அதுல இருக்கு. கொல்லருக்குப் பங்கு உரிமை. இவங்களுக்கு இருக்கிற இடமே தயவு. களத்துல எல்லாருக்கும் அளந்த அதே மரக்கால்தான், ஆனா ரெண்டும் ஒண்ணு இல்ல.

அந்த அறிக்கைக்கு அப்புறம் 1892-ல அரசாங்கம் இவங்களுக்கு நிலம் ஒதுக்க உத்தரவு போட்டுச்சு. பஞ்சமி நிலம்னு நாம கேள்விப்படுறது அதுதான். அந்த நிலத்துல பெரும்பகுதி பின்னாடி கை மாறிடுச்சு. 1994-ல செங்கல்பட்டு பக்கத்துல காரணை கிராமத்துல அதை மீட்கப் போராடினாங்க. அப்போ நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டுல ஜான் தாமஸ், ஏழுமலைன்னு ரெண்டு பேர் இறந்துபோனாங்க.