இருக்கக் கூடாத ஊருக்கு ஒரு சாலை

தனுஷ்கோடிக்கு நான் முதலில் போனது 2012-இல். அப்போது ராமேஸ்வரத்திலிருந்து வரும் தார்ச்சாலை முகுந்தராயர் சத்திரத்தோடு முடிந்துவிடும். அதற்கப்புறம் வேன்தான். மணலிலும் தண்ணீரிலும் குலுங்கிக்கொண்டு போய் இறங்கினால் இடிந்த தேவாலயம், ரயில் நிலையத்தின் மிச்சச் சுவர்கள், பக்கத்திலேயே ஓலைக் குடிசைகள். இரண்டாவது முறை போனபோது பஸ்ஸிலேயே அரிச்சல்முனை வரை போய்விட்டேன். கையில் ஐஸ்கிரீமோடு ஒரு கூட்டம் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. குறை சொல்லவில்லை, நானும் எடுத்தேன்.

சங்கு விற்ற அக்காவிடம், "ரோடு வந்தது நல்லதாப் போச்சுல்லக்கா?" என்று கேட்டேன். "நல்லதுதான் தம்பி. ஆனா ஊரு இருக்குன்னு ரோடு போட்டாங்களா, ஊரு இல்லன்னு போட்டாங்களா, அதான் தெரியல" என்றார்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேட நூறு வருஷம் பின்னால் போக வேண்டும்.

தனுஷ்கோடிக்கு வெளியூர்க்காரர்கள் வருவது புதிதல்ல. சேதுவில் நீராட யாத்ரீகர்கள் பல நூற்றாண்டுகளாக வந்திருக்கிறார்கள். அந்த வழியில் இருக்கும் சத்திரப் பெயர்களே அதற்குச் சாட்சி. ஆனால் அதை ஒரு நகரமாக்கியது ரயில். இலங்கை வரை கடலுக்கு மேல் தண்டவாளம் போடுவதுதான் ஆங்கிலேயர்களின் ஆசை. செலவு கட்டுப்படியாகவில்லை. பாம்பனில் பாலம், தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் என்று முடிவானது. பாம்பன் பாலம் 1914 பிப்ரவரி 24-இல் திறக்கப்பட்டது. எழும்பூரில் ஏறியவர் ஒரே டிக்கெட்டில் கொழும்பு போகலாம். அதுதான் போட் மெயில்.

ரயில் வந்ததும் சுங்க அலுவலகம், தபால் நிலையம், மருத்துவமனை, பள்ளி, விடுதிகள் எல்லாம் வந்தன. முதல் வகுப்பில் துரைமார்கள் போனார்கள். கூட்டம் கூட்டமாகப் போனவர்களோ மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் எடுக்கப்பட்டவர்கள். மண்டபம் முகாமில் நோய்ப் பரிசோதனை முடித்து, இந்த மணல் வழியாகத்தான் கடல் தாண்டினார்கள். தனுஷ்கோடியின் செழிப்பெல்லாம் கடந்து போகிறவர்களை நம்பித்தான் இருந்தது. மீனவர்கள் ரயிலுக்கு முன்பும் அங்கே இருந்தார்கள். ஊரின் வரவுசெலவுக் கணக்கு மட்டும் அவர்களை வைத்துப் போடப்பட்டதல்ல.

1964 அக்டோபர் 30-இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று முடிவு. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, டிசம்பர் 22 நள்ளிரவில் புயல். பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயிலைக் கடல் கொண்டுபோனது. அதில் மட்டும் நூறு பேருக்கு மேல் செத்தார்கள். விடிந்தபோது ஊர் இல்லை. தாத்தாக்களும் பாட்டிகளும் எந்தத் துறையில் கப்பல் ஏறினார்களோ, திரும்பி வந்த பேரப்பிள்ளைகளுக்கு அந்தத் துறையே இருக்கவில்லை. அவர்கள் ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள்.

அடுத்து நடந்ததைத்தான் நாம் சரியாகக் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். புயலில் பாம்பன் பாலமும் சிதைந்திருந்தது. இளம் பொறியாளர் ஈ. ஸ்ரீதரனின் பொறுப்பில் அது 46 நாட்களில் சரியானது. கப்பல் போக்குவரத்து ராமேஸ்வரத்துக்கு மாறி, 1980-களில் இலங்கையில் போர் மூளும் வரை நடந்தது. அதாவது, போகிறவர்களுக்கு வேண்டியது எல்லாம் திரும்பக் கிடைத்தது. தனுஷ்கோடியை மட்டும் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்துவிட்டது.

அந்த அறிவிப்பு தவறு என்று எளிதில் சொல்லிவிட முடியாது. இரண்டு பக்கமும் கடல், நடுவில் ஒல்லியான மணல் திட்டு. ஒரு பெரிய அலைக்கு அங்கே பதில் கிடையாது. ஆனால் மீனவர்கள் திரும்பி வந்தார்கள். கரைவலை இழுக்கும் கடல் அங்கேதானே இருக்கிறது? மணலைக் கையால் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். கூரை போட்டுக்கொண்டார்கள். அரை நூற்றாண்டாக, அரசுக் காகிதத்தில் இல்லாத ஊரில் இருந்தார்கள்.

2017 ஜூலை 27-இல் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை ஒன்பதரை கிலோமீட்டர் சாலை திறக்கப்பட்டது. அதே மணல், அதே இரண்டு கடல். சாலையைக் காக்க ஓரத்தில் கல் அடுக்கியாயிற்று. அப்போது குடிசைகளில் எரிந்தது சூரிய விளக்குதான், மின்கம்பி வந்திருக்கவில்லை. குடியிருக்கத் தகுதியற்றது என்று சொல்லப்பட்ட நிலத்தில் வீட்டுமனை கேட்டு யாரிடம் மனு கொடுப்பது? 2019-இல் ராமேஸ்வரம்-தனுஷ்கோடி ரயில் பாதைக்கும் அடிக்கல் நாட்டினார்கள், வேலை நகரவில்லை. 2025 ஜூனில் அங்கே பெரிய பூநாரைகளுக்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. பூநாரை வந்து தங்குவதற்கு அரசாங்கத்தின் அங்கீகாரம் உண்டு. நல்ல விஷயம்தான். மனிதர்களுக்கு?

சாலையால் பலன் இல்லை என்று சொன்னால் அது பொய். மீன் சீக்கிரம் சந்தைக்குப் போகிறது. பிரசவ வலி வந்தால் மணலில் வேனுக்காகக் காத்திருக்க வேண்டாம். சங்கும் பொரித்த மீனும் விற்பனையாகின்றன. என் சந்தேகம் வேறு. 1914-இல் கடந்து போகிறவர்களுக்காக ஓர் ஊரைக் கட்டினோம். அவர்கள் வருவது நின்றதும் ஊரைக் கைவிட்டோம். இப்போது பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்காகச் சாலை போட்டிருக்கிறோம். இரண்டு கணக்கிலும் இருக்கிறவர்கள் இல்லை. சுற்றுலா வளர்ச்சி என்றால் வாகன நிறுத்தமும் கைப்பிடிச் சுவரும்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. அடுத்த புயல் இரவில் இந்தக் குடும்பங்கள் எங்கே போய்ப் படுக்கும், அந்த இடிபாடுகளைப் பார்க்க வருகிறவர்களின் காசில் அவர்களுக்கு என்ன பங்கு என்பதுதான் திட்டத்தின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும்.

சாயங்காலம் ஆனதும் போலீஸ்காரர் விசில் ஊதி எங்களைக் கிளப்பினார். இருட்டுவதற்குள் வெளியூர்க்காரர்கள் போய்விட வேண்டும், பாதுகாப்பில்லை என்றார். பஸ் திரும்பும்போது பார்த்தேன். அந்த அக்கா மிச்சச் சங்குகளைச் சாக்கில் கட்டி, தலையில் வைத்துக்கொண்டு, நாங்கள் போகும் திசைக்கு எதிரே நடந்துகொண்டிருந்தார்.