பதினைந்து கற்களும் ஒன்றரை மனிதரும்

இலங்கையின் பழைய பாளி வரலாற்று நூலான மகாவம்சத்தில் இரண்டு அரசர்கள் தாம் செய்ததை நினைத்து நிலைகுலைகிறார்கள். ஒருவன் எல்லாளன். மற்றவன் அவனைக் கொன்ற துட்டகைமுனு. இருவரும் மோதிய போரைப் பற்றி மேடை போட்டுப் பேசியவர்கள் ஏராளம். அவர்களுடைய குற்றவுணர்வைப் பற்றிப் பேச யாருக்கும் அவ்வளவு அவசரம் இருந்ததில்லை. ஆனால் அந்த நூலின் 21ஆம் அத்தியாயத்தில் ஒரு காட்சியும் 25ஆம் அத்தியாயத்தில் ஒரு காட்சியும், ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்பது போலவே இருக்கின்றன. செய்த பிழையை ஒருவன் என்ன செய்வது என்று பௌத்தம் சொல்வதையும், பௌத்தத்தின் பெயரால் சொல்லப்படுவதையும் பிரித்துப் பார்க்க இந்த இரண்டு காட்சிகளே போதும்.

பூண்டுலோயாவிலிருந்து இதை வாசிப்பதற்கு ஒரு காரணம் உண்டு. இது கொத்மலைப் பகுதி. தமிழரோடு போருக்குப் போக அனுமதிக்காத தந்தை காகவண்ண தீசனுக்குப் பெண்கள் அணியும் நகையை அனுப்பி அவமதித்த இளவரசன் காமினி, பிடிபடாமல் மலைநாட்டுக்கு ஓடினான் என்கிறது மகாவம்சம். ‘துட்ட’ என்ற அடைமொழி ஒட்டிக்கொண்டதும் அப்போதுதான். அவன் ஒளிந்திருந்தது கொத்மலையில்தான் என்பது இந்தப் பக்கத்துச் சிங்களக் கிராமங்களின் நெடுநாளைய கதை. கிராமங்களுக்கு மேலே தேயிலை மலைகள். டன்சினன் போன்ற தோட்டங்களின் லயங்கள். லயத்துப் பிள்ளைகளும் பள்ளிக்கூடத்து வரலாற்றுப் பாடத்தில் இந்த அரசனைப் படித்துத்தான் வளர்கிறார்கள். பாடம் வெற்றியோடு முடிந்துவிடும். வெற்றிக்குப் பிந்திய இரவுக்குப் போவதில்லை.

முதலில் எல்லாளன். சோழ நாட்டிலிருந்து வந்து அனுராதபுரத்தை 44 ஆண்டுகள் ஆண்டவன். நண்பனென்றும் பகைவனென்றும் பாராமல் நீதி வழங்கியவன். இதைச் சொல்வது தமிழ் நூல் அல்ல, மகாவிகாரையைச் சேர்ந்த பிக்கு எழுதிய நூல். அவன் கட்டில் தலைமாட்டில் ஓர் ஆராய்ச்சி மணி. அவன் மகன் திசா வாவிக்குத் தேரில் போகும் வழியில் கன்றொன்று சில்லில் அகப்பட்டுச் செத்தது. பசு வந்து மணியை அடித்தது. அதே சில்லால் மகனின் தலையை அறுக்கச் செய்தான் தந்தை. திருவாரூர் மனுநீதிச் சோழனிடம் நமக்குப் பழகிய கதைதான்.

நான் வைத்துப் பார்க்க விரும்புவது அதற்குப் பிறகு வருகிற, அவ்வளவாக யாரும் சொல்லாத கதை. பிக்குகளை அழைப்பதற்காக மிகிந்தலை மலைக்குப் போன எல்லாளன் திரும்பி வருகையில் தேரின் நுகமுனை ஒரு தூபத்தில் இடித்துவிட்டது. “அரசே, எங்கள் தூபத்தைச் சேதப்படுத்திவிட்டீர்கள்” என்றார்கள் அமைச்சர்கள். வேண்டுமென்று செய்ததல்ல. ஆனாலும் அவன் தேரைவிட்டு இறங்கினான், தெருவில் படுத்தான், இந்தச் சில்லாலேயே என் தலையையும் அறுங்கள் என்றான். மகனுக்கு என்ன அளவோ அதே அளவு தனக்கும்.

அமைச்சர்கள் சம்மதிக்கவில்லை. பிற உயிரை வருத்துவதை எங்கள் ஆசான் விரும்பமாட்டார். தூபத்தைச் சரிசெய்து மன்னிப்பைத் தேடிக்கொள்ளுங்கள் என்றார்கள். பெயர்ந்திருந்தவை பதினைந்து கற்கள். அவற்றுக்காக எல்லாளன் பதினைந்தாயிரம் கஹாபணம் செலவழித்தான். கல்லொன்றுக்கு ஆயிரம்.

இனி 25ஆம் அத்தியாயம். போர் முடிந்துவிட்டது. அனுராதபுரத்தின் தெற்கு வாசலருகே யானைமேல் இருந்தபடியே இருவரும் தனியாக மோதி எல்லாளன் வீழ்ந்துவிட்டான். மாளிகை மாடத்தில், ஆடல் மகளிர் சூழ, வாசனை விளக்கொளியில் படுத்திருக்கிறான் துட்டகைமுனு. தூக்கம் வரவில்லை. அக்குரோணிக் கணக்கில் ஆட்களைக் கொன்றுவிட்டோமே என்ற நினைப்பு அவனைக் குடைகிறது. அவன் மனம் போகும் போக்கைப் பியங்குதீவிலிருந்த, ஞானநிலை எய்திய பிக்குகளான அரகந்தர்கள் அறிந்து எட்டுப் பேரை அனுப்புகிறார்கள். அவர்கள் நள்ளிரவில் வான்வழியே வந்து இறங்குகிறார்கள். இத்தனை பேரைக் கொன்ற எனக்கு ஆறுதல் ஏது சுவாமி என்று கேட்கிறான். இந்தச் செயலால் உன் சொர்க்க வழிக்குத் தடையில்லை. நீ கொன்றது ஒன்றரை மனிதரைத்தான் என்று பதில் வருகிறது. மும்மணியைச் சரணடைந்ததோடு ஐந்து சீலங்களையும் ஏற்றிருந்தவன் ஒரு முழு மனிதன். சரணம் மட்டும் அடைந்தவன் அரை. மிச்சப் பேர் தவறான பார்வை உடையவர்கள், ஒழுக்கமற்றவர்கள், மிருகங்களுக்கு ஒப்பானவர்கள். நீ புத்த சாசனத்தை ஒளிரச் செய்யப் போகிறவன், கவலையை விடு.

‘மிருகங்களுக்கு ஒப்பானவர்கள்’ என்ற இடத்தில் நான் புத்தகத்தைப் பின்னோக்கிப் புரட்டுவேன். நான்கு அத்தியாயங்களுக்கு முன்னால் இதே நூலில் ஒரு மிருகத்துக்காக, அதுவும் ஒரு கன்றுக்குட்டிக்காக, ஓர் இளவரசனின் தலை போயிருக்கிறது. தவறான பார்வையை விடாதவன் என்றுதான் எல்லாளனையும் மகாவம்சம் குறிக்கிறது. இருந்தும் தீய வழியில் போகாமல் இருந்ததற்காக அவனுக்கு அற்புத ஆற்றல் வாய்த்ததாகப் பாராட்டுகிறது. ஓரிடத்தில் தவறான பார்வை ஒருவனின் அறத்தை மறைக்கவில்லை. மற்றோரிடத்தில் அதே தவறான பார்வை ஆயிரக்கணக்கானோரின் உயிரை இல்லாமலாக்கிவிடுகிறது. இரண்டையும் எழுதியது ஒரே கை என்றால் அந்தக் கைக்கு உறுத்தவில்லையா என்று கேட்கத் தோன்றும். மகாவம்சத்துக்கு முந்திய தீபவம்சத்தில் இந்த நள்ளிரவுக் காட்சி கிடையாது. துட்டகைமுனுவுக்கே அதில் சில செய்யுள்கள்தாம். அரசன் இறந்து சுமார் ஆறு நூற்றாண்டுகள் ஆனபின் மகாவம்சத்தை எழுதியவர், அவனைத் தூங்கவைப்பது அவசியம் என்று நினைத்திருக்கிறார்.

ஒன்றரை என்ற கணக்கு தோட்டத்துக்காரர்களுக்குச் சட்டென்று பிடிபடும். கொழுந்து நிறுவையில் கிலோ குறைந்தால் செக்ரோலில் அரைப்பேர் விழும். மழையில் நனைந்து மலை முழுக்க நடந்தவள் முழு ஆள்தான். பதிவில் மட்டும் அரை ஆள். எட்டு அரகந்தர்களும் போர்க்களத்துக்கு ஒரு செக்ரோல் எழுதினார்கள்.

புத்தரின் உரைகளாகப் பாளி நிகாயங்களில் வருபவை இதற்கு வேறு வழி காட்டுகின்றன. சங்கு ஊதுபவனின் உவமையால் பெயர் பெற்ற சூத்திரம் ஒன்று சங்யுத்த நிகாயத்தில் உண்டு. கொலை செய்தவன் நரகத்துக்குத்தான் போவான் என்ற தீர்ப்பையே பிடித்துக்கொண்டிருந்தால் அவனுக்கு மீட்சி ஏது என்பதிலிருந்து அது தொடங்குகிறது. இன்ன அளவு உயிர்களைக் கொன்றிருக்கிறேன், அது சரியல்ல, ஆனால் நான் எவ்வளவு வருந்தினாலும் அந்தச் செயல் நடக்காததாகிவிடாது என்று அவன் எண்ண வேண்டும். அதை அத்தோடு விட வேண்டும். இனிச் செய்யாதிருக்க வேண்டும். பிறகு எத்திசையிலும் அன்பு பரவும்படி மனத்தை விரிக்க வேண்டும். எவ்வளவு கொன்றானோ அவ்வளவையும் வைத்துக்கொண்டுதான் மேலே நடக்கச் சொல்கிறார். அளவைக் குறைத்துத் தருகிற பேச்சே இல்லை.

தந்தை பிம்பிசாரனைக் கொன்ற அஜாதசத்து புத்தரிடம் வந்து ஒப்புக்கொண்ட கதையும் அப்படித்தான். பிழையைப் பிழையென்று கண்டு ஒப்புக்கொண்டாய், அதை ஏற்கிறோம், இது வளர்ச்சி என்கிறார் புத்தர். அவன் போனபின், தந்தையைக் கொல்லாதிருந்தால் இந்த இருக்கையிலேயே இவனுக்குத் தம்மக் கண் திறந்திருக்கும் என்று பிக்குகளிடம் சொல்கிறார். ஆறுதல் உண்டு. ஆனால் நட்டம் நட்டம்தான். பலரைக் கொன்ற கொள்ளையனாக இருந்து பிக்குவான அங்குலிமாலன் அரகந்தனான பிறகும் சாவத்தித் தெருக்களில் கல்லும் தடியும் பட்டு மண்டை உடைந்து வருகிறான். பொறுத்துக்கொள் என்பதுதான் அவனுக்குக் கிடைத்த பதில்.

பழையதை நினைத்து மனம் அரித்துக்கொண்டே இருப்பதைப் பௌத்தம் உயர்வாகவும் எண்ணவில்லை. அதற்குக் குக்குச்சம் என்று பெயர். மனத்தின் ஐந்து தடைகளில் அமைதியின்மையோடு சேர்த்து எண்ணப்படுவது. அஜாதசத்துவுக்குச் சொன்ன அதே உரையில் புத்தர் அதை அடிமைத்தனத்துக்கு ஒப்பிடுகிறார். தன் விருப்பப்படி எங்கும் போகமுடியாத நிலை. தவறு செய்ய நாணுவதும் அஞ்சுவதும் நல்ல குணங்கள். செய்ததை மென்றுகொண்டே கிடப்பது கட்டு. எல்லாளனின் அமைச்சர்கள் அவனுக்குக் காட்டியது இந்தக் கட்டிலிருந்து வெளியேறும் வழியைத்தான். எழுந்திரு, தலையைக் கொடுக்க வேண்டாம், கல்லைத் திரும்ப வை. அந்தப் பெரிய நூலில், செய்த பிழைக்குப் பௌத்தத்தோடு மிகவும் ஒத்துப்போகிற அறிவுரை பௌத்தனல்லாத தமிழ் அரசனுக்கு, பெயர்கூடத் தரப்படாத அமைச்சர்களால் சொல்லப்படுகிறது. ஒன்று சொல்லவேண்டும்: அவன் மகனுக்காக யாரும் இப்படி வாய் திறக்கவில்லை.

துட்டகைமுனுவுக்கு அந்த ஆறுதல் பலித்ததா? பலித்தது என்றே நூல் சொல்கிறது. ஆனால் அடுத்து வருவதைக் கவனிக்க வேண்டும். சங்கத்துக்குக் கொடாமல் எதையும் உண்ணாதே என்று சிறுவயதில் பெற்றோர் இட்ட ஆணை அவனுக்கு நினைவு வருகிறது. கொடாமல் உண்டிருக்கிறோமா என்று தேடுகிறான். ஒருநாள் காலை உணவில் ஒரு மிளகு மட்டும் அகப்படுகிறது. (மிளகாய் இந்தத் தீவுக்கு வந்தது போர்த்துக்கேயர் காலத்தில், ஆகவே மிளகுதான்.) அதற்குப் பிராயச்சித்தமாக அவன் எழுப்பிய பெரிய தூபத்துக்கு மிளகின் பெயரையே வைத்தான். இன்றைய மிரிசவெட்டிய. அது எழுந்த இடத்துக்கும் ஒரு கதை உண்டு. போருக்குப் போகுமுன் புத்தரின் தாதுவை உள்ளே வைத்து அவன் செய்துகொண்ட ஈட்டி, நட்ட இடத்திலிருந்து பிடுங்க வராமல் நின்றுவிட்டதாம். ஈட்டியை உள்ளே வைத்தே தூபத்தைக் கட்டினார்கள். போர்க்கருவி உள்ளே கிடக்கிறது, வெளியே சொல்லப்பட்ட குற்றம் மிளகு.

ஆட்களைப் பற்றி வருந்தாதே என்று சொல்லப்பட்ட மனம் வருந்துவதற்கு வேறொன்றைத் தேடிக் கண்டுபிடித்தது என்றே இதை வாசிக்கிறேன். மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர துட்டகைமுனுவின் மனச்சாட்சியைப் பற்றித் தனியே எழுதியிருக்கிறார். அந்த மனச்சாட்சி சிங்களச் சிந்தனைக்கும் அடங்காத ஒன்றாக இருந்துவந்திருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. சாகும்வேளையில் அவனுக்குப் புண்ணியப் புத்தகம் வாசிக்கப்படுகிறது. அதில் விகாரைகள் 99 என்று சரியாக எண்ணி எழுதப்பட்டிருந்தது.

அவன் பங்குக்கு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. எல்லாளனின் உடலை உரிய மரியாதையோடு எரித்து, அந்த இடத்தில் நினைவுச் சின்னம் எழுப்பி, அதைக் கடக்கும்போது மேளதாளத்தை நிறுத்த வேண்டும் என்று ஆணையிட்டான். 1818 கிளர்ச்சி தோற்றபின் தப்பியோடிய கண்டிப் பிரதானி பிலிமத்தலாவை, களைத்துப் போயிருந்தும் அந்த இடம் வந்ததும் பல்லக்கைவிட்டு இறங்கி நடந்தான் என்று 19ஆம் நூற்றாண்டுக் குறிப்பு உண்டு. ஒன்றரையில் அடங்காத ஒருவனுக்கு இரண்டாயிரம் ஆண்டு மரியாதை. அரகந்தர்களின் கணக்கை அரசன் முழுக்க நம்பியிருந்தால் இப்படி ஓர் ஆணை எதற்கு?

இந்த இடத்தில் அசோகனை இழுக்காமல் முடியாது. கலிங்கத்தில் ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், ஒன்றரை லட்சம் பேர் நாடு கடத்தப்பட்டார்கள், அதைவிடப் பல மடங்கு மக்கள் மாண்டார்கள் என்று 13ஆம் பாறைக் கட்டளையில் தானே பொறித்தவன் அவன். கணக்கைக் குறைக்காத அரசன். ஆனால் கலிங்க மண்ணில் உள்ள தௌலியிலும் ஜௌகடவிலும் அந்தக் கட்டளை மட்டும் இல்லை, அதற்குப் பதிலாக வேறு கட்டளைகள் இருக்கின்றன. அழிவைப் பற்றிய வாக்குமூலம் அழிக்கப்பட்டவர்களின் ஊரில் வாசிக்கக் கிடைக்கவில்லை. மகாவம்சமோ அசோகன் 99 சகோதரர்களைக் கொன்றதைச் சொல்கிறது, கலிங்கத்தைப் பற்றி மூச்சு விடவில்லை.

இத்தனைக்கும் பிறகு எல்லாளனின் பதினைந்து கற்கள் சிறிய காரியமாகத் தெரியலாம். ஆட்களைக் கொன்றதையும் கல்லை உடைத்ததையும் ஒரே தராசில் வைக்கலாமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். தராசு ஒன்றல்ல, கணக்கெடுக்கும் முறையைத்தான் ஒப்பிடுகிறேன். பெயர்ந்தவை பதினைந்து என்றால் பதினைந்துக்கும் ஈடு, பெயர்ந்த இடத்திலேயே, பெயர்த்தவன் கையால்.

மலையகத்தில் ஆட்களை எண்ணிய கணக்கு வேறு விதமானது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைப் பங்கு போட்டது. இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடப்பட்டது 150,000. 1974இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாக 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். எண்ணப்பட்டவர்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒப்பந்தம் கையெழுத்தான அதே 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கேயே நிரந்தரமாக வாழ்ந்தவர்களுக்கும் அவர்களின் சந்ததிக்கும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் பிரஜாவுரிமை வழங்கியது. அது பெரிய காரியம், குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அது வழங்கும் சட்டம். எடுத்தது தவறு என்று அதில் இல்லை. அஜாதசத்துவுக்குச் சொன்னதன் முதல் பாதி, பிழையைப் பிழையென்று காண்பது, அதில் விடுபட்டிருக்கிறது. தலைமன்னாரில் கப்பலேறி, நீலகிரியில் கூடலூர், கோத்தகிரிப் பக்கத்தில் தமிழ்நாடு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களில் மறுபடியும் கூடையைத் தலையில் மாட்டியவர்களுக்கு அந்தச் சட்டத்தால் எதுவும் திரும்பிவரவில்லை. பூண்டுலோயாவில் அவர்களின் சொந்தக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள்.